பழைய ஏழு இருக்கை எஸ்யுவி: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

நான் மெக்கானிக் இல்லை. 2017-ல் பதிவான, 2.0 லிட்டர் பெட்ரோல், சிவிடி (உள்ளே பெல்ட்டில் ஓடும் ஆட்டோ) கியர் வைத்த ஏழு இருக்கை எஸ்யுவி ஒன்றை அதற்கு நாலு வயதாகும்போது வாங்கி, அதற்கு வரக்கூடிய நோயெல்லாம் வரிசையாக வந்து, ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டியவன், அவ்வளவுதான். அப்புறம் மச்சான் வண்டி, அலுவலக நண்பர் வண்டி என்று வந்தவர்களுக்கெல்லாம் பார்த்துச் சொல்லிச் சொல்லி இது தானாகவே ஒரு வழிமுறை ஆகிவிட்டது. கீழே சொல்லும் விலைகள் நானோ அவர்களோ சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங், அங் மோ கியோ பக்கத்துப் பட்டறைகளில் கொடுத்தவை, எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்). உங்கள் வண்டிக்கு முன்பின் ஆகும்.

பட்டறைக்குப் போகும்போது அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். "கியர்பாக்ஸ் போச்சு போல" என்று நீங்களே ஆரம்பித்தால் அவரும் கியர்பாக்ஸிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

## வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

### 'டக் டக் டக்' சத்தம், விளக்குகள் மங்குகின்றன

பேட்டரிதான். நம் வெயிலில் ஒரு பேட்டரி இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே பெரிய விஷயம். 15 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல பேட்டரி, 12.2 என்றால் பாதி காலி, 12-க்குக் கீழே போனால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது, ஏசியும் முன்விளக்கும் போட்டு அளந்தால் ஏறக்குறைய 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை, ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி மாற்றும் முன் இரண்டு விஷயம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துத் துடைத்து இறுக்கிப் பாருங்கள். வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் இருந்தால் ஒரு வாரம் அதை நிறுத்தி வைத்துப் பாருங்கள். மச்சான் ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினார், குற்றவாளி அந்தக் கேமராதான். சிவப்பு விளக்கில் என்ஜின் தானாக அணையும் வண்டி என்றால் அதற்கென்றே உள்ள பேட்டரிதான் போட வேண்டும், விலை கூடத்தான். சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் செத்துப்போகும்.

### சத்தமே இல்லை, ஆனால் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன

முதலில் சாவியின் பேட்டரி. சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், பெரும்பாலான வண்டி அப்போது கிளம்பிவிடும். அதுவும் இல்லையென்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் யாரையாவது நிற்கவைத்துப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச், சின்னச் செலவு. எரிந்தால் கியரை 'என்'-ல் (நியூட்ரலில்) வைத்து ஒருமுறை முயலுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். இனி இழுவை வண்டிதான்.

### நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. பட்டனை என்ஜின் கிளம்பாத 'ஆன்' நிலைக்கு மட்டும் போட்டுப் பின் இருக்கைப் பக்கம் காது கொடுத்தால் பம்ப் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று முனகும். முனகல் இல்லையென்றால் ஃப்யூஸ், அப்புறம் பம்ப். திரும்பத் திரும்பச் சுற்றிப் பேட்டரியையும் காலி செய்யாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஏசி குளிரவில்லை

இங்கே இது சொகுசு இல்லை. பின் இருக்கையில் குழந்தையும் பாட்டியும் இருக்கும்போது மதியம் ஒரு மணிக்கு பிஐஇ விரைவுச்சாலையில் ஏசி நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

### ஓடும்போது குளிர்கிறது, நின்றால் வெக்கை

வண்டிக்கு முன்னால் போய் நின்று, ஏசி போட்டபடி, ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் விசிறி மோட்டார் அல்லது ரிலே. இதைத் தள்ளிப்போடாதீர்கள், அதே விசிறிதான் என்ஜினையும் காப்பாற்றுகிறது. சுற்றுகிறது என்றால் கண்டென்சரில் (ஏசியின் சூட்டை வெளியே விடும் முன்பக்கத் தகடுகள்) தூசியும் பூச்சியும் அடைத்திருக்கலாம். மலேசியா நெடுஞ்சாலையில் ராத்திரி ஓட்டிவிட்டு வந்தவர்களுக்கு இது நிச்சயம் இருக்கும். குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

### காற்றே குறைவாக வருகிறது

கையுறைப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் கேபின் ஃபில்டர். பல வண்டிகளில் ஐந்து நிமிட வேலை, 20 வெள்ளி. எங்கள் வண்டி வாங்கியபோது அதில் இருந்தது ஃபில்டர் மாதிரியே இல்லை, ஒரு குருவிக் கூடு மாதிரி இருந்தது.

### காற்று வருகிறது, குளிர் இல்லை

பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கும். 'சும்மா டாப் அப் பண்ணிவிடலாம்' என்று சொல்லும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். கேஸ் தானாகத் தீராது, எங்கோ ஒழுகுகிறது. சாயம் விட்டு விளக்கடித்து எங்கே ஒழுகுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். மலிவானதிலிருந்து போனால்: ரப்பர் ஓ-ரிங், குழாய், கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், கடைசியில் கம்ப்ரஸர். கூலிங் காயில் என்றால் சில வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும், காயிலைவிடக் கூலிதான் அதிகம்.

ஏழு இருக்கை வண்டிக்காரர்களுக்கு ஒன்று. பின்னால் தனிக் கூலிங் காயில் இருந்தால் அது ஒழுகினாலும் முன்னாலும் குளிராது, கேஸ் ஓடுவது ஒரே சுற்றில்தானே. என்னிடம் முன்பக்கக் காயிலை மாற்றச் சொன்ன ஒரு பட்டறை இருந்தது. இன்னொரு இடத்தில் சாயம் விட்டுப் பார்த்ததும் பின் காயில் என்று தெரிந்தது. அங்கே இரண்டு வழி சொன்னார்கள்: புதுக் காயில் போட 1,100 வெள்ளி, அல்லது பின்பக்கக் குழாயை அடைத்துவிட்டு முன்னால் மட்டும் ஓட்ட 180. இதைக் கடைசியில் மறுபடி பேசுகிறேன்.

### காலடிக் கம்பளம் ஈரம்

ஏசி போட்ட நாளில் மட்டும், முன் பயணி பக்கம் மட்டும் ஈரம் என்றால் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் என்றால் சன்ரூஃப். நம் பேட்டைகளில் பாதி கார் நிறுத்துமிடம் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான், அந்தச் சின்ன இலைகள் சன்ரூஃப் ஓரத்து ஓட்டைகளில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் தடித்த நைலான் நரம்பை விட்டுக் குடையலாம். கம்பி கூடாது, பலமான காற்றும் அடிக்கக் கூடாது, உள்ளே குழாய் கழன்றுகொண்டால் மேல் துணியையே இறக்க வேண்டி வரும்.

## வெப்பநிலை முள் ஏறுகிறது, அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது

முதலில் நிறுத்துங்கள். ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழு வேகத்தில் போட்டு, ஓரமாகப் போய் என்ஜினை அணையுங்கள். 'அடுத்த எக்ஸிட் வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டிய ஒரு நண்பருக்கு 400 வெள்ளி ரேடியேட்டர் வேலை 3,000 வெள்ளி என்ஜின் வேலை ஆனது. விரைவுச்சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி இருக்கிறது, பக்கத்தில் குறித்திருக்கும் கார் நிறுத்துமிடம் வரை இலவசமாகவே கொண்டுபோய் விடுவார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு மணி நேரமாவது ஆகட்டும்.

### நெரிசலில் மட்டும் ஏறுகிறது (உட்லண்ட்ஸ் கடற்பாலம், வெள்ளி மாலை)

விசிறி. மேலே ஏசி பகுதியில் சொன்ன அதே சோதனை.

### ஓடும்போதும் ஏறுகிறது

குளிர்ந்த வண்டியில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியைப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கும் கீழே என்றால் நிரப்பிவிட்டு, ஒரு வாரம் தினமும் காலையில் அளவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் அதையே பழக்கமாக்காமல் பிறகு சரியான கூலன்ட் மாற்றிவிட வேண்டும்.

குறைந்துகொண்டே வந்தால் இந்த வரிசையில் போங்கள்: ரேடியேட்டர் மூடி, ரப்பர் குழாய்கள், ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பகுதி (ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலும் இங்கேதான் கீறல் விடும், வெளிறிய கறை தெரியும்), வாட்டர் பம்ப். குறையவே இல்லை, ஆனாலும் சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட். அது மலிவு, அதனால் ரேடியேட்டர் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது நல்லது.

### கூலன்ட் குறைகிறது, வெளியே எங்குமே ஒழுகவில்லை

என்ஜின் எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் நுரை இருக்கிறதா? காலையில் கிளப்பும்போது வெள்ளைப் புகை, இனிப்பு வாடையோடு வருகிறதா? தொட்டியில் குமிழி கொப்பளிக்கிறதா? இதில் இரண்டு சேர்ந்தாலே ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் உள்ள அடைப்பு) போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துப் போங்கள். மூடியில் மட்டும் லேசாக நுரை, வேறெதுவும் இல்லை என்றால் அது குறுகிய ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

## கியரில் நடுக்கம், இழுவை குறைவு

பணம் போகும் இடம் இதுதான், தப்பாகக் கணிக்கப்படுவதும் இதுவேதான்.

### சிவப்பு விளக்கில் 'டி'-ல் நிற்கும்போது நடுக்கம், 'என்'-ல் போட்டால் குறைகிறது

பெரும்பாலும் என்ஜின் மவுன்ட். ரப்பர் இற்றுப்போயிருக்கும். பானட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி 'டி'-க்கும் 'ஆர்'-க்கும் மாற்றச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள் (முன்னால் நிற்காதீர்கள்). என்ஜின் குதித்தால் மவுன்ட்தான்.

### 20-லிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதிக்கும்போது உதறல்

கியர்பாக்ஸ் என்று முடிவு கட்டும் முன் இக்னிஷன் காயிலை (பிளக்குக்குத் தீப்பொறி கொடுப்பது) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் இதே மாதிரிதான் உதறும். எங்கள் வண்டிக்கு 4,500 வெள்ளி கியர்பாக்ஸ் என்றார் ஒருவர், போனது 90 வெள்ளிக் காயில் ஒன்று.

காயிலும் பிளக்கும் நன்றாக இருந்தால் அடுத்து சிவிடி எண்ணெய். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வெயிலுக்கும் நெரிசலுக்கும் நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், 180 வெள்ளி. உங்கள் வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் ரகம்தான் வேண்டும். சிவிடி-யில் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கும், கதை முடிந்தது. ஊற்றும் முன் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். வடித்த எண்ணெயையும் பாருங்கள். கறுப்பு பரவாயில்லை, உலோகத் துகள் மினுங்கினால் நல்ல செய்தி இல்லை.

### சூடான பிறகு மட்டும் இழுவை இல்லை

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது ஏழு பேர், சாமான், ஏசி எல்லாம் சேர்ந்து எங்கள் வண்டி பாதி வழியில் மாடு மாதிரி நின்றுவிட்டது, மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. எண்ணெய் சூடானால் கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இழுவையைக் குறைக்கும். ஓரமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியை அணைத்து இருபது நிமிடம் விட்டால் சரியாகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்தால் எண்ணெய் மாற்றுவது, அப்புறம் தனியாக ஒரு கூலர் பொருத்துவது. மலைப் பயணம் இல்லாதவர்களுக்குக் கூலர் தேவையில்லை.

### என்ஜின் சுற்றுகிறது, வண்டி போகவில்லை. அல்லது கூவும் சத்தம்

இனிமேல் ஓட்டாதீர்கள். இது கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் பட்டறைக்கான வேலை. பிரித்துச் சரிசெய்ய எங்களிடம் கேட்ட விலைகள் 3,500-லிருந்து 5,000 வரை இருந்தன. உத்தரவாதம் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள்.

## மேட்டில் ஏறி இறங்கினால் 'டொக் டொக்'

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, குழந்தை இருக்கை, மூன்றாம் வரிசைக் கொக்கி எல்லாம் பார்த்தாயிற்றா? நான் இரண்டு வாரம் 'அப்சார்பர் போச்சு' என்று புலம்பினேன். தேக்கா சந்தையில் வாங்கிய ஒரு தேங்காய் மூன்றாம் வரிசைக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது.

அப்புறம் கார் நிறுத்துமிடத்து வேகத் தடையில் ஒரு சோதனை. இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெதுவாகப் போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாகப் போங்கள். சாய்வாகப் போனால் மட்டும் தட்டினால் ஸ்டெபிலைசர் லிங்க், ஜோடி 120 வெள்ளி, அரை மணி நேர வேலை. இரண்டு விதத்திலும் தட்டினால் அப்சார்பர் அல்லது அதன் மேல் மவுன்ட். பிரேக் போடும்போதும் எடுக்கும்போதும் 'டொக்' என்று ஒரே ஒருமுறை என்றால் லோயர் ஆர்ம் புஷ். பால் ஜாயின்ட் ஆடுகிறது என்று பட்டறையில் காட்டினால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும்.

## ஸ்டீயரிங் நடுங்குகிறது, சக்கரப் பக்கம் சத்தம்

பிரேக் போட்டால் மட்டும் நடுக்கம்: டிஸ்க். கனம் மிச்சம் இருந்தால் கடைந்து சரிசெய்யலாம். பிரேக் போடாமலே 80, 90-ல் நடுக்கம்: வீல் பேலன்சிங், அதற்கும் போகாவிட்டால் ரிம் வளைந்திருக்கிறதா, டயர் ஓரம் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடைத்த டயரோடு வீட்டுக்குக்கூட ஓட்ட வேண்டாம்.

வேகத்தோடு ஏறும் 'ஊஊ' சத்தம் என்றால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங்.

காலையில் மட்டும் கீச்சென்று, நாலு தடவை பிரேக் போட்டதும் போய்விட்டால் மழைத் துரு. நாள் முழுக்கக் கீச் என்றால் பிரேக் பேட். கரகரவென்று இரும்பு தேயும் சத்தம், அல்லது மிதி தரை வரை இறங்குகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

## மஞ்சள் என்ஜின் விளக்கு

### சிமிட்டுகிறது

வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் கேட்டலிஸ்டை (புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) கெடுத்துக்கொண்டிருக்கிறது. அது இக்னிஷன் காயிலைவிடப் பல மடங்கு விலை.

### நிலையாக எரிகிறது, வண்டி நன்றாகவே ஓடுகிறது

பெட்ரோல் மூடியைக் 'கிளிக்' சத்தம் வரும்வரை திருகுங்கள், சில நாள் ஓட்டிப் பாருங்கள். போகாவிட்டால் 30 வெள்ளிக்கு ஓபிடி கருவி ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகிக் குறியீட்டைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை, பி0302 இரண்டாவது, இப்படியே. அந்தச் சிலிண்டரின் காயிலை வேறொன்றோடு மாற்றிப் போட்டு, குறியீடும் கூடவே மாறுகிறதா என்று பார்த்தால் போதும். பி0420 வந்தால் உடனே கேட்டலிஸ்ட் வாங்காதீர்கள், முதலில் புகைக்குழாயில் கசிவு, பிறகு ஆக்சிஜன் சென்சார்.

பட்டறைக்குப் போகும் முன் பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைக்காதீர்கள், குறியீடும் அழிந்துவிடும்.

## பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது

இதுவும் ஒரு அறிகுறிதான். வண்டியில் எது கெட்டது என்பதோடு சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்று) எத்தனை மாதம் மிச்சம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2.0 லிட்டருக்குச் சாலை வரி வருடத்துக்கு 1,200 வெள்ளிக்குச் சற்று மேல். அதோடு காப்புறுதி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிட மாதக் கட்டணம், பெட்ரோல். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை ஆய்வு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தாண்டினால் ஒவ்வொரு வருடமும். சாலை வரியும் பத்து வயதுக்கு மேல் 10 விழுக்காடு கூடி, வருடா வருடம் ஏறி, 50 விழுக்காட்டில் போய் நிற்கும். சிஓஇ-யைப் புதுப்பித்தால் பார்ஃப் கழிவு (பத்து வயதுக்குள் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகை) போய்விடும். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அதற்கப்புறம் மறுபடி புதுப்பிக்க முடியாது.

### இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சம்

செலவை மீதி மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 4,500 வெள்ளி கியர்பாக்ஸ், 36 மாதம், மாதம் 125. வலிக்கும், ஆனால் கட்டுப்படியாகும்.

### ஒரு வருடத்தைச் சுற்றி

பிரேக், டயர், ஸ்டீயரிங், கூலன்ட், இவற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றதெல்லாம் 'இது இல்லாமல் ஓடுமா?' என்ற கேள்விக்குப் பிறகுதான். பெரிய கியர்பாக்ஸ் வேலை வந்தால் முதலில் இரண்டு ஏற்றுமதி வியாபாரிகளிடம் இப்போதே பதிவை நீக்கினால் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள்.

### ஆறு மாதத்துக்குள்

எண்ணெய், பேட்டரி, விளக்கு. மேலே சொன்ன பிரேக், டயர், ஸ்டீயரிங், கூலன்ட் தவிர வேறு எதுவும் வாங்காதீர்கள்.

எங்கள் பின் காயில் ஒழுகியபோது 14 மாதம் மிச்சம் இருந்தது. 1,100 வெள்ளியை 14-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 79, மூன்றாம் வரிசையில் குளிர் காற்றுக்கு மட்டும். 180 கொடுத்து அடைத்துவிட்டேன். அம்மாவுக்கு முன் இருக்கை, மனைவியும் பிள்ளைகளும் நடு வரிசை, மூன்றாம் வரிசையில் சந்தைச் சாமான். தேங்காயை இப்போது பையில் கட்டித்தான் வைக்கிறோம்.